பதினொரு கார்

அட்டைப்பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்பே சுண்டு, "எனக்கு வயிறு வலிக்குதும்மா" என்று சொல்லிவிட்டாள். உள்ளே பென்சில் இருக்கும் என்று எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

பென்சில் இல்லை. ஒரு பயிற்சிப் புத்தகமும், பெற்றோருக்கென்று தடியாக ஒரு கையேடும், முப்பது வீடியோக்கள் அடங்கிய மெமரி கார்டு ஒன்றும் இருந்தன. 'வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கான எழுத்துப் பயிற்சி' என்று மூடியில் போட்டிருந்தது. அதற்குக் கீழே நாலைந்து பிள்ளைகள் நோட்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

சுண்டுவுக்கு ஒன்பது வயது. பிறந்த அன்று அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள் நர்ஸ் வந்து பிரித்துவிடும்வரை விடவில்லை. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. வாய் ஓயாத பெண். படிக்கட்டை எண்ணுவாள், சட்டைப் பொத்தானை எண்ணுவாள், அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினால் எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள். ஆனால் ஒரு தாளைக் கொடுத்து எழுது என்றால் அவ்வளவு பேச்சும் எங்கே போகுமென்று தெரியாது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை வகுப்பில் நாற்பது நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுவாள். அந்த ஒரு வரியும் தலைப்பாக இருக்கும். டீச்சர் அவளை இடைவேளையில் உட்காரவைத்தார். அது பலிக்காமல் சாப்பாட்டு நேரத்திலும் உட்காரவைத்தார். அப்போதுதான் வயிற்றுவலி ஆரம்பித்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்து, வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். பாதி வருடத்தில் அம்மா அவளைப் பள்ளியை விட்டு எடுத்துவிட்டாள்.

எடுத்த கையோடு வீட்டுக்கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். கையில் பெரிய பை, மூக்கின் நுனியில் கண்ணாடி, நாற்காலியின் ஓரத்தில் மட்டும் உட்காருகிற சுபாவம். கணக்கு, வாசிப்பு எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். எழுத்து நோட்டைப் புரட்டியபோது ஆட்டம் நின்றுவிட்டது.

"மூணு மாசம் டைம் தரேன். அவளா எழுதின ஒரு பக்கம் வேணும். அவ கையால, அவ சொந்தமா. ஒரே ஒரு பக்கம் போதும். இல்லேன்னா லீவு முடிஞ்சதும் பழைய பள்ளிக்கூடத்துக்கே அனுப்பச் சொல்லித்தான் நான் எழுத வேண்டியிருக்கும். தப்பா நெனச்சுக்காதீங்க."

அம்மா தப்பாக நினைக்கவில்லை. மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான். நாலாவது நாள் அந்தப் பெட்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

அம்மாவின் வேலையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததை ஒரு கருவியில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பேச்சு இவளுடைய கம்ப்யூட்டருக்கு வரும். இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பெடலை வைத்துக்கொண்டு, கேட்பதை அறிக்கையாக அடித்து அனுப்புவாள். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. கேட்க ஒய்யாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டர்கள் பேசுகிற அழகை அவளைத்தான் கேட்க வேண்டும். ஒருத்தர் மென்றுகொண்டே பேசுவார். ஒருத்தர் இடது கால் என்று ஆரம்பித்து வலது காலில் முடித்துவிட்டு, "இல்ல இல்ல, முதல்ல சொன்னதுதான்" என்பார். இன்னொருத்தர் நடுவில் யாரிடமோ டீ கேட்பார். அத்தனை 'வந்து'வையும் 'ம்ம்'மையும் டீயையும் களைந்து, சொன்னதையே நாலு தடவை சொன்னால் அதை ஒரு தடவையாக்கி, மழமழவென்று அனுப்புவாள். எட்டு வருடத்தில் ஒரு அறிக்கைகூடத் திரும்பி வந்ததில்லை. டாக்டர் உளறினாலும் என் அறிக்கை உளறாது என்று அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான்.

முதல் நாள் காலை தன் அறையிலிருந்து கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து வீடியோவைப் போட்டாள். திரையில் மீசை வைத்த ஓர் ஆசிரியர் வந்தார். மேல்சட்டைப் பையில் ஐந்து பேனா. ஐந்தையும் சுண்டு உடனே எண்ணிவிட்டாள். வணக்கம் சொன்னார், ஒரு கதை சொன்னார், திடீரென்று கையை உயர்த்தி, "இங்க நிறுத்துங்க. நிறுத்திட்டு யோசிங்க" என்றார்.

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். "நிறுத்தணுமா?"

"நிறுத்தச் சொல்றாரே."

"அவரே சொல்றாரா? அவரை நிறுத்தச் சொல்லி அவரே சொல்றாரா?"

எந்த டீச்சரும் தன்னை இப்படி நிறுத்தச் சொல்லி அவள் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. வேலைப் பெடலை இழுத்துச் சுண்டுவின் காலடியில் போட்டு, அதை வீடியோவோடு இணைத்துக் கொடுத்தாள். சுண்டு காலை எடுத்தாள், ஆசிரியர் வாயைப் பிளந்தபடி நின்றார். மிதித்தாள், பேசினார். எடுத்தாள், நின்றார். ஆசிரியர் என்கிற வர்க்கத்தின் மேல் அந்தப் பிள்ளைக்கு இருந்த பயமெல்லாம் அன்று கால்வழியாக இறங்கிப் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கு 'நிறுத்து மாமா' என்று பெயர்.

மூன்றாவது பாடத்தில் நிறுத்து மாமா ஒரு நல்ல செய்தி சொன்னார். "பென்சிலைப் பார்த்தாலே பயமா இருக்கா? இப்போதைக்குத் தள்ளி வச்சிடுங்க. நீங்க பேசுங்க, வீட்டுல ஒரு பெரியவங்க எழுதிக்கட்டும். பேசுற மாதிரியே இருக்கட்டும், தப்பே இல்ல. அப்புறம் உங்க வார்த்தையை நீங்களே பார்த்து, உங்க கையால எழுதுங்க. கொஞ்ச நாள் போகட்டும், கை தானா வரும்." கேமரா பக்கம் திரும்பி, "அம்மாக்களே, அப்பாக்களே, நீங்க கை மட்டும்தான். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

கை மட்டும்! அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எட்டு வருடமாகச் செய்கிற வேலையே அதுதானே. பெற்றோருக்கென்று இருந்த இரண்டு மணி நேர வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, துணி மடித்துக்கொண்டே கேட்டு முடித்தாள். இதில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அதையும் மடித்து வைத்துவிட்டாள்.

சுண்டு பேசினாள். எதிர்வீட்டுப் பூனையைப் பற்றி, குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி, அப்பாவின் பஸ்ஸில் தினமும் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்கும் குடைக்காரரைப் பற்றி. அம்மா அடித்தாள். தொழில் பழக்கத்தில் போனில் பதிவும் செய்துகொண்டாள். அடித்து முடித்து அச்செடுத்துக் கொடுத்ததும் சுண்டு அதைப் பார்த்துத் தன் நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் நாலு வரி எழுதினாள். தலைப்பைச் சேர்க்காமல் நாலு வரி! அம்மா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. நாலு மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று. பேச்சும் சுருங்கியது. பூனையைப் பற்றி அரைமணி நேரம் பேசியவள், "இன்னிக்கு மழை பெஞ்சுச்சு. அவ்வளவுதான்" என்று முடித்தாள். அம்மா கையேட்டைப் புரட்டினாள், பென்சிலை மாற்றினாள், மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். நாற்காலியையும் மாற்றினாள். பிள்ளைகளுக்கு வராத எழுத்தை வரவழைக்க மேசை நாற்காலியை மாற்றாத வீடு உண்டா?

ஒரு மத்தியானம் டிரைவர் முதல் ஷிப்டை முடித்துவிட்டு வந்து, டீயோடு மேசையில் கிடந்த தாளை எடுத்தார். டிரைவர் என்றால் சுண்டுவின் அப்பா.

"குடைக்காரரைப் பத்தி எழுதியிருக்காளா? 'அவர் நாள்தோறும் குடையுடன் பயணம் செய்கிறார். மழை இல்லாத நாட்களிலும் குடை வைத்திருப்பது அவரது வழக்கம்.' ஏம்மா, இதுக்குக் கீழ 'மூன்று வேளை மாத்திரை பரிந்துரைக்கப்பட்டது'ன்னு போட்டா சரியா இருக்குமே."

"கிண்டல் பண்ணாதீங்க. அவ சொன்னதுதான் அது."

"எங்கிட்டச் சொன்னப்போ அந்த ஆளு குடைகிட்டப் பேசுவாருன்னு சொன்னாளே?"

"அது... நடுவுல ஏதோ சொன்னா. அதெல்லாம் கட்டுரைக்கு எதுக்குங்க?"

டிரைவர் தாளை மேசையில் வைத்துவிட்டு டீயைக் குடித்தார். அவர் குடித்த விதமே அம்மாவுக்குச் சுருக்கென்று இருந்தது. பஸ் ஓட்டுகிறவருக்குக் கட்டுரையைப் பற்றி என்ன தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லிக்கொண்டதற்காக வெட்கப்படவும் செய்தாள்.

நாள் ஓடிப்போயிற்று. அதிகாரி அம்மா வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. செவ்வாய்க்கிழமை வரை அந்த ஒரு பக்கம் இல்லை.

அன்றைய பாடத்துக்குத் தலைப்பு, 'நான் காத்திருந்த ஒரு நேரம்'. நிறுத்து மாமா, "அவசரப்படாதீங்க. காத்திருந்தது எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் சொல்லலாம். இங்க நிறுத்துங்க" என்றார். சுண்டு காலை எடுத்தாள். கொஞ்ச நேரம் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை வாரம் ஆயிற்று இவள் இப்படிப் பேசி! விரல்கள் பறந்தன. வேலை மும்முரத்தில் அவளுக்கு ஒரு நிலை உண்டு. காது கேட்கும், விரல் அடிக்கும், நடுவில் இருக்கிற மனுஷிக்கு அங்கே வேலை இல்லை. நாள் முழுக்க ரத்தமும் எலும்பு முறிவும் கேட்கிறவள் அப்படி இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அப்படித்தான் அன்றும் அடித்தாள். பன்னிரண்டு நிமிடம் சுண்டு பேசினாள். அச்சடித்து வந்தபோது அழகாக ஒரே பக்கம். ஒரு பிழை கிடையாது.

சுண்டு வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பென்சிலை மேசையின் நடுவில் வைத்தாள்.

"இதை நான் எழுத மாட்டேன்."

"ஏன்டா செல்லம்? எவ்வளவு நல்லா சொன்ன தெரியுமா? பார்த்து எழுதிட்டா முடிஞ்சுது. வியாழக்கிழமை அவங்க வராங்க இல்ல?"

"நீயே எழுதிக்கோ. இது உன்னோடது."

"என்னோடதா? அத்தனையும் நீ சொன்னது. நான் கை மட்டும்தானே."

சுண்டு தாளைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். "இது என்ன?"

"'பல வாகனங்கள் வந்து சென்றன. அம்மா வரவில்லை.'"

"நான் பதினொரு கார் சொன்னேன்."

"அதைத்தானே பல வாகனங்கள்னு போட்டிருக்கேன்?"

"பல கார் வரலம்மா." சுண்டுவின் குரல் உடைந்தது. "ஒண்ணு ஒண்ணாத்தான் வந்துச்சு."

சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து, "எனக்கு வயிறு வலிக்குது" என்றாள். மூன்று மாதமாக வராத வயிற்றுவலி.

அம்மா பதிலுக்கு ஏதோ சொல்லப் போனாள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றோ, பிடிவாதம் கூடாது என்றோ சொல்லியிருப்பாள். ஆனால் சொல்லவில்லை. தன் அறிக்கை திரும்பி வந்திருக்கிறது என்பது மட்டும் உறைத்தது. எட்டு வருடத்தில் முதல் தடவை. அறிக்கை திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தொழிலில் விதி இருக்கிறது. பேச்சை முதலிலிருந்து மறுபடி கேட்க வேண்டும்.

பெடலைத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டாள். ஹெட்போனை மாட்டினாள். மிதித்தாள்.

"ம்ம்... அன்னிக்கு ஸ்கூல் விட்டாச்சு. நான் குழாய்கிட்ட நின்னேன். அங்க நின்னா கேட் தெரியும். முதல்ல வெள்ளைக் கார் வந்துச்சு. அம்மா இல்ல. அப்புறம் சிவப்புக் கார் வந்துச்சு, பின்னாடி நாய் இருந்துச்சு. அம்மா இல்ல. அப்புறம் இன்னொரு வெள்ளைக் கார். அது முதல்ல வந்த வெள்ளை இல்ல, வேற. அம்மா இல்ல..."

காலை எடுத்தாள். மறுபடி மிதித்தாள்.

"அஞ்சாவது கார்ல கதவு சரியா மூடல, ரெண்டு தடவை மூடுனாங்க. அம்மா இல்ல. ஆறாவது டீச்சர் கார். அது வெளிய போச்சு. வெளிய போறதையும் எண்ணலாமான்னு தெரியல, நான் எண்ணிக்கிட்டேன். டீச்சர் கையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். அப்புறம் ஏழாவது..."

அம்மாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பள்ளியை விட்டு எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்னால். மென்றுகொண்டே பேசும் டாக்டரின் அவசர அறிக்கை ஒன்று, இதை மட்டும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். அது முடிவதற்குள் இன்னொன்று வந்தது. கால் மணி நேரம் தாமதம் என்றுதான் இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். கால் மணி நேரத்தில் டீச்சர்கூட வீட்டுக்குக் கிளம்பிப் போய், பள்ளிக்கூடத்து வாசலில் பதினொரு கார் ஒவ்வொன்றாக வந்து போகுமா? அந்த நேரத்தையும் அவள் களைந்து, சுருக்கி, மழமழவென்று ஆக்கி வைத்திருக்கிறாள்.

"...பதினொண்ணாவது நீலம். அம்மா இல்ல. பன்னெண்டாவது கார் வரவே இல்ல. அம்மா கால்நடையாத்தான் வந்தாங்க. நான் ஏன் காரையே பார்த்துக்கிட்டு இருந்தேன்னு தெரியல. நம்மகிட்டதான் காரே இல்லையே." பதிவில் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு, "எழுதிட்டியாம்மா?" பிறகு தன் குரல், உற்சாகமாக, "எழுதிட்டேன், எழுதிட்டேன்!"

கார் இல்லை என்ற அந்த வரி அச்சடித்த தாளில் இல்லை. முன்னே சொன்னதற்குப் பொருந்தாத வரி என்று அவள் விரல்களே தள்ளிவிட்டிருக்கின்றன. குடையோடு பேசும் மனிதரைத் தள்ளியதும் அந்த விரல்கள்தான். பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை, கேட்டதைச் சுத்தம் செய்திருக்கிறாள். பிள்ளை சொன்னதில் பிள்ளையைத் தவிர மீதி எல்லாம் தாளில் இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். இரண்டு முழங்காலுக்கு நடுவில் சுண்டுவின் முகம்.

"சுண்டு, தப்பு என்மேலதான். நான் கையா இருக்கல. டாக்டருங்க பேசறதைச் சுருக்கிச் சுருக்கிப் பழகிப்போச்சு. உன்னையும் சுருக்கிட்டேன். அன்னிக்கு நான் லேட்டா வந்ததும் தப்புதான். ரொம்ப லேட்டு."

சுண்டு முழங்காலிலிருந்து முகத்தைத் தூக்கினாள். "டாக்டர்லாம் திட்ட மாட்டாங்களா?"

"அவங்க படிக்கவே மாட்டாங்க."

அதற்குச் சுண்டுவுக்குச் சிரிப்பு வந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு கால் வெளியே வந்து, பெடலைத் தேடிப் பிடித்தது. "நான் மிதிக்கறேன். நீ அடி. எல்லாத்தையும் அடி."

அப்படித்தான் நடந்தது. மகள் தரையில் உட்கார்ந்து காலால் பெடலை அமுக்கினாள், அம்மா ஒரு 'ம்ம்' விடாமல் அடித்தாள். அவளுக்கு அது சுலபமாக இல்லை. ஒவ்வொரு 'அம்மா இல்ல'வுக்கும் விரல் நின்றது. முடித்தபோது மூன்று பக்கம் வந்தது. சுண்டு படித்துப் பார்த்து, பென்சிலை எடுத்து, 'ம்ம்' எல்லாவற்றையும் தானே கோடு போட்டு அடித்தாள். "இது வேண்டாம். இது யோசிக்கறப்போ வரது." நாயை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். 'அம்மா இல்ல'வில் ஒன்றுகூட அடிக்கவில்லை.

பிறகு நோட்டில் எழுத உட்கார்ந்தாள். செவ்வாய் சாயங்காலம் இரண்டு கார். புதன்கிழமை காலை இரண்டு, மத்தியானம் ஒன்று. கை வலித்தது, உதறிக்கொண்டாள். ஆறாவது கார், டீச்சர் கார், அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. டிரைவர் வந்து எட்டிப் பார்த்து, "எந்த ஸ்டாப்ல இருக்க?" என்றார். "ஏழு" என்றாள் தலையைத் தூக்காமல்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது ஏழாவது கார்தான் முடிந்திருந்தது. பாதியில் நிற்கிற கட்டுரையை ஏற்றுக்கொள்வார்களா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அதிகாரி அம்மா நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். மேசையின் இழுப்பறையில் அச்சடித்த அந்த அழகான ஒரு பக்கம் கிடந்தது. அதைச் சுண்டுவின் வார்த்தைகள் என்று நீட்டினால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. கைவலி, எழுத முடியவில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். அம்மாவின் கை இழுப்பறை வரைக்கும் போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு அவள் அதைச் சாத்திவிட்டு நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அதிகாரி அம்மா படித்தார். முதல் காரில் கண்ணாடியைச் சரிசெய்தார். நாலாவது காரில் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஏழாவது காரோடு எழுத்து நின்றது. திருப்பினார். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது.

"அப்புறம்? அம்மா வந்தாங்களா இல்லையா?"

"இன்னும் நாலு கார் இருக்கு," என்றாள் சுண்டு. "நேரமாகும்."

"வாயால சொல்லிடேன்."

சுண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "எழுதித்தான் சொல்லுவேன்."

அந்த வாயிலிருந்தா இந்தப் பேச்சு! அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்திருக்கும். பிறகு பையைத் தரையில் இறக்கி வைத்து, "சரி, எழுது. ஒரு டீ கிடைக்குமா?" என்றார்.

சுண்டு எட்டாவது காரை ஆரம்பித்தாள். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்தது. பென்சில் சத்தம் தவிர அறையில் சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. அவசர அறிக்கை வந்தால்தான் அந்தச் சத்தம் வரும். மறுபடி 'டிங்'. சுண்டு பென்சிலை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "போம்மா. வேலை வந்திருக்கு. எனக்கு இன்னும் மூணு கார் இருக்கு."

"இருக்கட்டும். நான் இங்கதான் இருப்பேன். நீ எழுது."

டிங் என்றது, டிங் என்றது, பிறகு அலுத்துப்போய் நின்றுவிட்டது. எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு டாக்டர் காத்திருந்தார். அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு காராக வருவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தாள். காத்திருப்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனைக்கும் அவளிடம் நாற்காலி இருந்தது, டீ இருந்தது, யாருக்காகக் காத்திருக்கிறாளோ அவள் கண்முன்னே இருந்தாள்.

நீலக் கார் வந்தது, போயிற்று. பன்னிரண்டாவது வரவில்லை. நம்மகிட்டதான் காரே இல்லையே என்ற இடத்துக்கு வந்ததும், அச்சடித்த மூன்று பக்கமும் தீர்ந்துவிட்டது. பார்த்து எழுத இனி ஒன்றும் இல்லை. சுண்டு அந்தத் தாள்களைத் தள்ளி வைத்தாள். பென்சில் முனையைக் கடித்தாள். மறுபடி குனிந்தாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கேதானே முடிய வேண்டும்? பதிவில் அதற்குமேல் எதுவும் இல்லையே?

சுண்டு மெதுவாக இன்னும் இரண்டு வரி எழுதினாள். யாரிடமும் சொல்லாத, யாரும் அடித்துக் கொடுக்காத இரண்டு வரி. நோட்டைத் திருப்பி அதிகாரி அம்மாவிடம் கொடுத்தாள். அவர் 'காரே இல்லையே' என்ற வரியில் சத்தமாகச் சிரித்தார், அடுத்த வரியில் சிரிப்பை நிறுத்தினார். பையிலிருந்து படிவத்தை எடுத்தார், ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டார், கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வருஷம் வரேன்," என்றார். பிறகு நோட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தி, "இது உங்களுக்குன்னு நெனைக்கறேன்" என்றார்.

கோணல் எழுத்து. வரி மேலே ஏறிக் கீழே இறங்கியிருந்தது.

'அம்மா ஓடி வந்தாங்க. ஒரு செருப்பு கால்ல இருந்துச்சு, இன்னொண்ணு கையில இருந்துச்சு.'

அந்த நாள் பள்ளிக்கு ஓடும்போது மருந்துக்கடை முனையில் செருப்பு வார் அறுந்துபோயிற்று. அதை மாட்டிக்கொண்டு ஓட முடியாமல் கையில் எடுத்துக்கொண்டாள். பள்ளி வாசலுக்கு முன்னால் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"சரியா எழுதியிருக்கேனாம்மா?" என்றாள் சுண்டு.

அம்மா ஆமென்று தலையை ஆட்டினாள். சுண்டு கையை உதறிக்கொண்டே எழுந்து, மேசைக்கு அடியில் கிடந்த பெடலை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவின் அறையில் வைத்துவிட்டு வந்தாள்.